இறங்கிய டர்னில் நகர முடியாது

ஆனைக்குட்டத்தில் வளர்ந்தவனுக்கு வானத்திலிருந்து பாராசூட் விழுவது அதிசயமே இல்லை. சிவகாசி பேன்சி ரகங்களில் பாராசூட் வெடி என்று ஒன்று உண்டு. குழாயிலிருந்து சீறிப் போய் உச்சியில் வெடித்து, கைக்குட்டை அகலத்தில் ஒரு குடையை விரிக்கும். அது ஆடி அசைந்து கீழே வர ஒரு நிமிஷமாவது ஆகும். அந்த ஒரு நிமிஷம்தான் எங்கள் விளையாட்டு. யார் கையில் முதலில் சிக்குகிறதோ அவனுக்குத்தான் பாராசூட்.

பெரும்பாலும் ஜெயிப்பது முகாமிலிருந்து வரும் என் நண்பன்தான். எங்கள் ஊரில் ஈழத்தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. இப்போது அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் மறுவாழ்வு முகாம். அப்போது அகதி முகாம். அவன் எங்களைப்போல மேலே பார்த்துக்கொண்டே ஓடமாட்டான். காற்று அணைக்கரைப் பக்கம் அடிக்கிறதா, அர்ச்சுனா நதிப் படுகைப் பக்கம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, விழப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றுகொள்வான். "மேல என்னடா பார்வை? கீழ பாரு. எங்க எறங்கும்னு பாரு" என்பான்.

பிறகு வந்த இருபது வருஷத்தில் நான் ஆடிய அத்தனை வியூக விளையாட்டுகளிலும், படித்த அத்தனை போர் வரலாறுகளிலும் வான்வழிப் படை பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் எதையும் பார்க்கவில்லை.

பொறியியல் சேர்ந்த வருஷம் வீட்டுக்கு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வந்தது. எமுலேட்டரில் 'அட்வான்ஸ் வார்ஸ்' ஓடும். மஞ்சள், பச்சை, நீலக் கட்டங்கள், குட்டி டாங்கிகள், குட்டி ஹெலிகாப்டர்கள். ஆளுக்கு ஒரு டர்ன். ஒரு டர்னுக்கு அந்த விளையாட்டில் 'நாள்' என்று பெயர். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த நண்பனின் அப்பா பிரஷ்ஷோடு பின்னால் வந்து நின்றார்.

"உது ஹெலிதானே தம்பி?"

"ஆமா மாமா. ஆள் ஏத்திட்டுப் போற ஹெலிகாப்டர். அந்தா இருக்குல்ல ஊரு, அதப் பிடிக்கப் போறேன்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்த ஊருக்குள்ள சனம் இருக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "கேம்தான மாமா" என்றேன். அவர் கொக்குவில்காரர் என்பது எனக்குத் தெரியும். கொக்குவில் என்றால் என்னவென்றுதான் தெரியாது.

*

தாண்டிப் போகிற காய் என்ற யோசனைக்கு விமானம் தேவைப்படவில்லை. சதுரங்கத்தில் மற்ற காய்களெல்லாம் வழியில் ஆள் நின்றால் நின்றுவிடும். குதிரை மட்டும் தலைக்கு மேலே போய் இறங்கும். ஊர்க் கோயில் கல்லில் கோடு கிழித்து ஆடுகிற ஆடுபுலி ஆட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொல்லும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆனால் ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருக்க வேண்டும். அங்கே இன்னொரு ஆடு நின்றால் தாண்ட முடியாது. ஆடு ஆடத் தெரிந்த பெரியவர்கள் புலியைத் துரத்துவதே இல்லை. அது இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் புலி நின்ற இடத்தில் நிற்கும். அதாவது, தாண்டுவதன் பலம் தாண்டும் காலில் இல்லை, இறங்கும் இடத்தில் இருக்கிறது.

கணினி விளையாட்டுகள் இதே விதியை வேறு வேறு கணக்காக எழுதி வைத்திருக்கின்றன. ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் 1990இல் தொடங்கிய 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் பெகாசஸ் வீரர்கள் மலை, ஆறு எதையும் பொருட்படுத்தாமல் பறப்பார்கள். ஆனால் ஒரு வில்லாளி எதிரில் வந்தால் கதை முடிந்தது. காசில்லாத என்ஜினியரிங் மாணவர்களின் காப்பியமான 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'தில் பறக்கும் டிரேக்குகளுக்கு ஈட்டியும் அம்பும் எமன். 'சிவிலைசேஷன்' வரிசையில் பாராசூட் படை எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய்க் குதிக்கும். 'பேன்சர் ஜெனரல்' 1994இலேயே அறுகோணக் கட்டங்களில் இதைச் செய்து காட்டியது.

இவற்றில் 'அட்வான்ஸ் வார்ஸ்'தான் எனக்குப் பிடித்த பாடப்புத்தகம். அதில் ஆள் ஏற்றும் ஹெலிகாப்டருக்கு ஆயுதம் கிடையாது. ஒரே ஒரு காலாட்படையை ஏற்றலாம். தரையில் சும்மா நிற்கும் டாங்கிக்கு எரிபொருள் செலவில்லை. வானத்தில் சும்மா நிற்கும் ஹெலிகாப்டருக்கு ஒவ்வொரு நாளும் செலவு உண்டு. தீர்ந்தால் விழுந்துவிடும். விமான எதிர்ப்பு வண்டி ஒன்று பக்கத்தில் வந்தால் அந்த நாளோடு சரி. மூடுபனி வைத்து ஆடினால் நம் படைகளின் கண்ணுக்கு எட்டிய கட்டங்கள் மட்டும்தான் தெரியும். தெரியாத கட்டத்துக்குள் நகரும்போது அங்கே எதிரி ஒளிந்திருந்தால் நம் காய் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். அன்றைய டர்ன் காலி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: இறக்கிவிடப்பட்ட படை, இறங்கிய டர்னில் நகர முடியாது, சுட முடியாது. எதிரியின் ஒரு முழு டர்னை அது சும்மா நின்று தாங்க வேண்டும்.

ஆடி ஆடித் தோற்றபின் நான் எனக்கென்று நாலு விதி எழுதி வைத்திருந்தேன். ஒன்று, வான்படை சண்டை போடுவதற்கு அல்ல. எதிரி கடந்தே ஆக வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதற்கு. இரண்டு, இறங்கியவர்களைத் தரைப்படை எத்தனை டர்னில் எட்டும் என்று எண்ணிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மூன்று, கண்ணால் பார்க்காத கட்டத்தில் இறக்காதே. நான்கு, இறக்கினால் எல்லோரையும் சேர்த்து இறக்கு. தவணை முறையில் அனுப்பினால் எதிரியும் தவணை முறையில் தின்பான்.

சொந்தமாகக் கண்டுபிடித்த விதிகள் என்று கொஞ்சம் கர்வம் இருந்தது. வரலாறு படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு ஊர்ப் பெயர் இருக்கிறது என்று.

*

கண்ணால் பார்க்காத இடத்துக்குப் பெயர் கிரீட். 1941 மே 20 அன்று ஜெர்மனி அந்தத் தீவின்மேல் பாராசூட் படையை இறக்கியது. பிரிட்டிஷார் ஜெர்மன் ரகசியச் செய்திகளை முன்பே உடைத்துப் படித்திருந்தார்கள். எங்கே இறங்குவார்கள் என்பது கீழே இருந்தவர்களுக்கு ஓரளவு தெரியும். பலர் தரையைத் தொடும் முன்பே சுடப்பட்டார்கள். முதல் நாள் முடிவில் ஜெர்மானியர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு மாலெமே விமானத்தளத்தை ஒட்டிய குன்றிலிருந்து நியூசிலாந்துப் படை பின்வாங்கியது. மறுநாள் அந்த ஓடுதளத்தில் ஜெர்மன் விமானங்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டின. தீவு விழுந்தது. ஆனால் கொடுத்த விலையைப் பார்த்த ஹிட்லர் அதன்பிறகு அந்த அளவில் ஒரு பாராசூட் தாக்குதலை அனுமதிக்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், தோற்ற பிரிட்டனும் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் எதிர்ப் பாடம் படித்தார்கள்: "ஆகா, நமக்கும் இப்படி ஒரு படை வேண்டும்."

அவர்கள் பாடத்துக்குப் பெயர் ஆர்ன்ஹம். 1944 செப்டம்பர் 17. ஹாலந்தின் பாலங்களை வான்படை பிடித்து வைத்துக்கொள்ளும்; ஒற்றைச் சாலை வழியாகத் தரைப்படை வந்து சேர்ந்துகொள்ளும் என்பது திட்டம். கடைசிப் பாலமான ஆர்ன்ஹமுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் முதல் வான்படை டிவிஷன், பாலத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இறங்கியது. விமானம் போதாமல் ஒரே நாளில் எல்லோரையும் இறக்க முடியவில்லை. ரேடியோக்கள் சரியாக வேலை செய்யவில்லை. அந்தப் பக்கம் ஜெர்மன் கவசப்படை இருந்தது. ஜான் ஃப்ராஸ்ட் என்ற அதிகாரியின் தலைமையில் எழுநூற்றுச் சொச்சம் பேர்தான் பாலத்தை எட்டினார்கள். வராத தரைப்படைக்காக மூன்று நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். சுமார் 10,000 பேர் கொண்ட டிவிஷனில் ஆற்றைக் கடந்து திரும்பியது நான்கில் ஒரு பங்குதான்.

என் இரண்டாவது, நான்காவது விதிகள் முழுசாக இதற்குள் இருக்கின்றன. எங்கள் தொழிலில் ஒரு மென்பொருளைப் பயன்பாட்டுக்கு விடுவதை 'டெப்ளாய்' பண்ணுவது என்போம். அது ராணுவத்திலிருந்து வந்த சொல். பாதி சர்வரில் இறங்கி மீதியில் இறங்காமல் மாட்டிக்கொண்ட டெப்ளாய்மென்ட்டுகளோடு ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்கு ஆர்ன்ஹம் ரொம்பப் பரிச்சயமாக இருக்கும். ஆனால் எங்களுக்கு 'ரோல்பேக்' இருக்கிறது. ஒரு கமாண்ட் அடித்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

*

நன்றாகச் செய்த உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 1971 டிசம்பர், கிழக்கு வங்காளம். லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் நான்காவது கோர் திரிபுராப் பக்கமிருந்து மேக்னா ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. ஆசுகஞ்சில் இருந்த ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அக்கரையில் காத்திருந்தது. மேக்னா நம்ம ஊர் ஆறு மாதிரி இல்லை. அக்கரை தெரியாத அகலம். சகத் சிங் பாலத்தை மறந்தார். டிசம்பர் 9 அன்று கையில் இருந்த மி-4 ஹெலிகாப்டர்களை வைத்து, பாலத்துக்குத் தெற்கே ராய்ப்புராவில் ஆட்களை இறக்க ஆரம்பித்தார். போவது, இறக்குவது, திரும்பி வந்து ஏற்றுவது. ராத்திரியும் பகலுமாக நடை. பாலத்தைக் காத்து நின்ற எதிரி காத்து நின்றபடியே இருக்க, இந்தியப் படை அவர்களைத் தாண்டி நர்சிங்டி வழியாக டாக்காவை நோக்கி நடந்தது.

தவணை முறையில் இறக்காதே என்ற என் நான்காவது விதியை சகத் சிங் மீறினார் என்பதைக் கவனியுங்கள். மீற முடிந்தது, ஏனென்றால் மூன்றாவது விதியை அவர் மீறவில்லை. எதிரி இல்லாத இடத்தில் இறக்கினார். கீழே யாரும் சுடாதபோது தவணை ஒரு பிரச்சினையே இல்லை.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 11 சாயங்காலம், டாங்காயில் அருகே இரண்டாவது பாராசூட் பட்டாலியன் குதித்தது. லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் சுமார் 700 பேர். நோக்கம் ஒரே ஒரு பாலம், பூங்லி. வடக்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தான் பிரிகேட் அதைக் கடந்தே ஆக வேண்டும். இவர்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாளே வடக்கிலிருந்து வந்த மராட்டிய லைட் காலாட்படை இவர்களோடு சேர்ந்துகொண்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் படைகளில் இவர்களும் உண்டு. உலகப் பத்திரிகைகளில் குதித்தவர்களின் எண்ணிக்கை 5,000 என்று வந்தது. இந்தியத் தரப்பு கொடுத்த படமோ பழைய பயிற்சி ஒன்றில் முழு பிரிகேடும் குதித்தபோது எடுத்தது. அந்த ஊதிப் பெருத்த எண்ணும் டாக்காவில் இருந்தவர்களின் நெஞ்சில் இறங்கியிருக்கும்.

எல்லா விதிகளும் பொருந்துகின்றன. என் பட்டியலில் இல்லாத ஒன்றும் இருந்தது. டாங்காயில் காதர் சித்திக்கியின் முக்தி பாகினி படையின் பகுதி. குதித்தவர்களின் மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தவர்கள் அந்த ஊர் ஜனங்கள். மேக்னாவிலும் அப்படித்தான், ஹெலிகாப்டர் போதாத இடத்தில் நாட்டுப் படகுகள் வந்தன. 'அட்வான்ஸ் வார்ஸ்'இல் ஒவ்வொரு கட்டத்துக்கும் பாதுகாப்பு நட்சத்திரம் உண்டு. காட்டுக்கு இத்தனை, மலைக்கு இத்தனை, ஊருக்கு இத்தனை. அந்தக் கட்டத்தில் வாழ்கிறவர்கள் உங்களை விரும்புகிறார்களா என்பதற்கு நட்சத்திரம் கிடையாது.

*

1987க்கு வருவோம்.

ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு உணவுப் பொருள் ஏற்றிப்போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலாக வர, யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருளைப் பாராசூட்டில் போட்டன. அதற்கு 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். ராணுவக் கணக்கில் அது சண்டையே இல்லை. ஆனால் வான்வழி நடவடிக்கைகளில் அதைவிட வலுவாகப் பேசிய ஒன்று குறைவு. எட்டு வாரத்துக்குள், ஜூலை 29 அன்று, இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நாளே இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்க ஆரம்பித்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் காவலில் இருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்டோர் சயனைட் கடித்து இறந்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் அமைதிப்படை புலிகளோடு போரில் இருந்தது.

புலிகளின் தலைமை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கொக்குவில் பகுதியில் இருக்கிறது. அக்டோபர் 11 இரவு வானிலிருந்து இறங்கிப் பிரபாகரனைப் பிடித்துவிடலாம் என்று திட்டம் போடப்பட்டது. பலாலியிலிருந்து பறந்தால் சில நிமிஷ தூரம். பத்தாவது பாரா கமாண்டோவின் சுமார் 120 பேர் முதலில் இறங்குவார்கள். பின்னாலேயே பதின்மூன்றாவது சீக்கிய லைட் காலாட்படையின் 360 பேர். தரைப்படை சாலை வழியாக முன்னேறிவந்து சேர்ந்துகொள்ளும். இறங்கும் இடம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மைதானம். கையில் இருந்தவை நான்கு மி-8 ஹெலிகாப்டர்கள். மைதானத்தில் ஒரு நேரத்தில் இரண்டுதான் இறங்க முடியும்.

இந்த எண்களை மட்டும் யாராவது எனக்கு ஒரு புதிர் மாதிரிக் கொடுத்திருந்தால், பதினெட்டு வயசில் 'அட்வான்ஸ் வார்ஸ்' ஆடின நானே "வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன். 480 பேர், நான்கு ஹெலிகாப்டர், ஒரு நடைக்கு இரண்டு, ஒரே மைதானம். தவணை எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தாலே போதும். ஆனால் இது பின்னாலிருந்து பார்க்கிறவனின் புத்திசாலித்தனம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருப்பது வேட்டி கட்டின பையன்களின் கூட்டம், ராத்திரியில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே கலைந்துவிடும் என்று நம்பினால், கணக்கு வேறு மாதிரி தெரியும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே ராணுவம் மேக்னாவைத் தாண்டியிருந்தது. ஜெயித்த நினைவு ஒரு மோசமான வரைபடம்.

மேக்னாவில் எதிரி இல்லாத இடத்தில் இறங்கினார்கள். இங்கே எதிரி காத்திருந்த இடத்தில் இறங்கினார்கள். இந்தியப் படையின் ரேடியோப் பேச்சைப் புலிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களில் துப்பாக்கிகள் ஏற்கெனவே அமர்ந்திருந்தன. ஆடுபுலி ஆட்டத்தின் மொழியில் சொன்னால், புள்ளி காலியாக இல்லை. அன்று தாண்டியது இந்திய ராணுவம். இறங்கும் இடத்தை அடைத்துவிட்டுக் காத்திருந்தது புலி.

முதல் நடைகளில் கமாண்டோக்கள் இறங்கிவிட்டார்கள். சீக்கியப் படையிலிருந்து மேஜர் பிரேந்திர சிங் தலைமையில் 30 பேர் இறங்கினார்கள். அதற்குள் ஹெலிகாப்டர்களின்மேல் கனரகத் துப்பாக்கிச் சூடு. ஒவ்வொன்றும் சல்லடையாகத் திரும்பியது. மேற்கொண்டு அனுப்ப முடியாமல் நிறுத்திவிட்டார்கள். இறங்கிய 30 பேருக்கு இட்ட கட்டளை, மீதிப் பேர் வரும்வரை மைதானத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது. மீதிப் பேர் வரப்போவதில்லை. அவர்களோடு ரேடியோத் தொடர்பும் அறுந்துபோனது. அங்கேயே நின்றார்கள். 12ஆம் தேதி காலை வெடிமருந்து தீரும்வரை சண்டை நடந்தது. 29 பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார்.

இறங்கிய டர்னில் நகர முடியாது என்று விளையாட்டில் படித்தபோது அதை ஒரு சமன்பாட்டு விதியாக, ஆட்டம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கப் போட்ட விதியாக மட்டும் நினைத்திருந்தேன்.

கமாண்டோக்கள் தேடிப்போன தலைமையகத்தில் யாரும் இல்லை. கொக்குவிலின் ஒழுங்கைகளுக்குள் சிக்கி, வீடுகளுக்குள் புகுந்து நின்று சண்டையிட்டார்கள். சாலைகளில் கண்ணிவெடி இருந்ததால், மீட்க வந்த டி-72 டாங்கிகள் ரயில் தண்டவாளத்தின் வழியாக வந்தன. கமாண்டோக்களில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். மொத்தம் 35 வீரர்கள். பிரபாகரன் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தை முழுதாகப் பிடிக்க அந்த மாதக் கடைசி ஆயிற்று. அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள்.

இந்தியாவில் எழுதப்படும் ராணுவக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடியும். உளவுத் தோல்வி, ஒருங்கிணைப்பின்மை, வீரர்களின் தியாகம். மூன்றும் உண்மை. ஆனால் வரைபடத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது: பிரம்படி ஒழுங்கை. கமாண்டோக்கள் சிக்கிக்கொண்ட, டாங்கிகள் வந்து சேர்ந்த குடியிருப்பு அது. அக்டோபர் 12 அன்று அங்கே பொதுமக்கள் பலர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' இந்த நாட்களைப் பதிவு செய்திருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பிரம்படியில் இறந்தவர்களை ஆண்டுதோறும் அக்டோபரில் நினைவுகூர்கிறார்கள்.

ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளி. அன்று யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுட்டது. சிவகாசியில் செய்த சரம் நாடு முழுக்க வெடித்துக்கொண்டிருந்த நாள் அது.

*

போரை விளையாட்டாக்கும் வழக்கம் ராணுவத்திலேயே தொடங்கியது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் 'கிரீக்ஸ்பீல்' ஆட்டத்தைத் தளபதிகளிடம் காட்டினார். அதில் ஒரு நடுவர் இருப்பார். எதிரியின் காய் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போட்ட கட்டளை உங்கள் காய்க்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். இன்றைய கணினி விளையாட்டுகள் முதலாவதை மூடுபனியாக எடுத்துக்கொண்டு, இரண்டாவதை விட்டுவிட்டன. நான் சொடுக்கியதும் காய் நகர்கிறது. என் கட்டளையை எதிரி ஒட்டுக்கேட்பதில்லை. என் காய்க்கு ரேடியோ அறுந்துபோவதில்லை. தோற்றால் பழைய சேமிப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். ஆர்ன்ஹமையும் யாழ்ப்பாணத்தையும் தோற்கடித்த காரணங்களில் பாதியை நிரலிலிருந்து எடுத்துவிட்டுத்தான் நமக்கு ஆடக் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் தப்பில்லை, எல்லாவற்றையும் வைத்தால் யாரும் ஆட மாட்டார்கள். ஆனாலும் உலகம் சில சமயம் உள்ளே எட்டிப் பார்த்துவிடுகிறது. 'அட்வான்ஸ் வார்ஸ்' அமெரிக்காவில் வெளியானது 2001 செப்டம்பர் 10. மறுநாள் நடந்ததற்குப் பிறகு ஜப்பானில் அதன் வெளியீடு தள்ளிப்போய், 2004இல்தான் வந்தது. அதன் புதிய வடிவம் 2022இல் வரவேண்டியது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் நின்டெண்டோ அதை நிறுத்திவைத்து 2023 ஏப்ரலில் வெளியிட்டது. அந்தப் படையெடுப்பின் முதல் நாளே ரஷ்யா செய்தது என்ன தெரியுமா? கீவ் அருகே ஹோஸ்டொமெல் விமானத்தளத்தில் ஹெலிகாப்டரில் வான்படையை இறக்கியது. மாலெமே மாதிரி ஓடுதளத்தைப் பிடித்து, பின்னால் வருகிற விமானங்களை இறக்கத் திட்டம். உக்ரைனியர் எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். அந்த விமானங்கள் வரவில்லை. கிரீட்டின் பாடம் 81 வருஷம் கழித்து மறுபடி நடந்தது.

*

நண்பனின் அப்பா அன்று வெள்ளையடித்து முடித்தபின் திண்ணையில் டீ குடித்துக்கொண்டே சொன்னது எனக்குப் புரிய, இத்தனையும் படிக்க வேண்டியிருந்தது.

"ஜூன் மாசம் பாராசூட்டில சாமான் போட்டவங்கள் தம்பி. நாங்கள் கை தட்டினனாங்கள். இந்தியா வந்திட்டுது எண்டு. பிறகு அக்டோபர்ல ராவு ஹெலிச் சத்தம் கேட்டது. முதல்ல நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? திருப்பியும் சாமான் போடுறாங்கள் எண்டு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது, வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை. பின்னால் தெரிந்துகொண்டபோது கேட்க முடியவில்லை. 1990இல் மன்னார் வழியாகப் படகேறி வந்தவர். இந்த ஊர்ச் சுவர்களில் பாதிக்கு அவர்தான் வெள்ளையடித்திருக்கிறார். நண்பன் பிறந்தது இங்கேதான். அவனும் இன்னும் இந்த நாட்டின் குடிமகன் இல்லை.

நான் இப்போதும் ஆடுகிறேன். விடவில்லை. நாலு விதியும் அப்படியே இருக்கிறது, பெரும்பாலும் ஜெயிக்கவும் செய்கிறேன். 'அட்வான்ஸ் வார்ஸ்'இல் ஒரு ஊரைப் பிடிக்க முழுப் பலமுள்ள காலாட்படைக்கு இரண்டு நாள் ஆகும். பிடித்தால் ஒவ்வொரு நாளும் 1,000 வருமானம். அடிபட்ட படை அங்கே நின்றால் பழுது பார்த்துக்கொள்ளலாம். யார் பழுது பார்க்கிறார்கள், வருமானம் யாரிடமிருந்து வருகிறது என்று அந்த விளையாட்டு சொல்வதில்லை. ஊரின் நிறம் மட்டும் மாறும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி பிள்ளைகள் பாராசூட் வெடி விட்டார்கள். காற்று முகாம் பக்கம் அடித்தது. பையன்கள் கூட்டமாக மேலே பார்த்துக்கொண்டே ஓடினார்கள். முகாம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமாவின் காலடியிலேயே அது வந்து விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, நூலைச் சிக்கெடுத்து, நான்காக மடித்து, முதலில் ஓடிவந்த பையன் கையில் கொடுத்தார். பிறகு நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.